துளசி மாடத்து எர்த்

கள்ளக்குறிச்சி
2.8.2025, சனி

தம்பி ஜெயப்பிரகாஷுக்கு அக்கா அம்சவள்ளி எழுதுவது.

ஆடிப்பூரத்தன்று சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், உன் மாமா, மாமாவின் அக்கா ஆண்டாள் அண்ணி, பக்கத்து வீட்டுத் தைலம்மாள். வேறு யாரும் இல்லை. சுவாமி படத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆளுக்கு ஒரு மாதிரி உன்னிடம் சொல்லியிருப்பார்கள் என்பதால் முதலில் இதை எழுதினேன்.

பாசுரம் கேட்கத் தெருப் பெண்கள் ஆறு மணிக்கு வருவதாக இருந்தது. மாமா கழனியிலிருந்து வந்து கை கால் கழுவினார். ஈரத்தைத் துடைக்கவில்லை. குத்துவிளக்குக்கு இடம் போதவில்லை என்று, பாட்டு செட்டில் ஆம்ப்ளிஃபயருக்குக் கீழே இருக்கிற பவர் கண்டிஷனர் பெட்டியைப் பிடித்துத் தள்ளினார். கை ஒட்டிக்கொண்டது. அவர் கத்தவில்லை, தம்பி. கத்த வாய் வரவில்லை. பாசுரம் மட்டும் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டாள் அண்ணிதான் மனைப் பலகையை எடுத்து அவர் கையில் ஓங்கித் தட்டினார். தைலம்மாள் ஓடிப்போய் மெயினை இறக்கினாள். நான் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

தோள்பட்டை எலும்பில் விரிசல். வலது கையில் இரண்டு விரலுக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை. உயிர் பிழைத்தது பெருமாள் செயல். நேற்றுத்தான் வீட்டுக்கு அழைத்து வந்தோம். இடது கையால் சாப்பிட வெட்கப்பட்டு, ஸ்பூன் கேட்கிறார்.

ஆஸ்பத்திரியில் நீ டிபன் கேரியரோடு வந்தபோது அண்ணி சொன்னதை நான் மறுபடி எழுத வேண்டாம். ஆனாலும் எழுதுகிறேன், நான் கேட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். "எத்தினி வாட்டி சொன்னேன், கரன்ட்டு வேலய மச்சான்னு பாத்து குடுக்காதன்னு. எந்தம்பிய கொல்லப் பாத்துட்டான்." நீ கேரியரை பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாய். அதிலிருந்த இட்லியை யாரும் தொடவில்லை.

மாமா இப்போது, ஒயர்மேன் லைசென்ஸ் கொடுக்கும் ஆபீசுக்கு உன் பேரில் மனு எழுதப் போவதாகச் சொல்கிறார். "இவன் கையில லைசென்ஸ் இருந்தா இன்னொரு வூட்ல இன்னொருத்தன் சாவான்" என்கிறார். கை சரியாகட்டும் என்று தள்ளிப்போட்டு வைத்திருக்கிறேன்.

பெட்டியை அலமாரி மேல் ஏற்றித் துணி போட்டு மூடிவிட்டேன். யாரும் தொடுவதில்லை.

நீ இருக்கிற ஊரில் டவர் எடுக்காது என்கிறார்கள். எடுத்தாலும் என் போனை எடுக்கமாட்டாய். அதனால் இதை வெள்ளிமலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுது.

அக்கா

*

வெள்ளிமலை
6.8.2025

அக்காவுக்கு,

உன் கடிதம் பெரியம்மாள் டீக்கடையில் இரண்டு நாள் கிடந்திருக்கிறது. அந்த அம்மா அதன் மேல் சர்க்கரை டப்பாவை வைத்துவிட்டார். எறும்போடு பிரித்துப் படித்தேன்.

கூடத்தில் நான்கு பேர் என்று எழுதியிருக்கிறாய். ஆஸ்பத்திரி வராண்டாவில் எத்தனை பேர் என்று எழுதவில்லை. நான் எண்ணினேன். பதினொரு பேர். அதில் ஒருத்தர் என் அக்கா.

அது போகட்டும். மாமா பிழைத்தாரே, அது போதும்.

எனக்கு ஒன்று புரியவில்லை. பெட்டியின் இரும்புக் கூட்டில் கரன்ட் இறங்கினால், அது எர்த் ஒயர் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். போன அந்த நொடியே போர்டில் பிரேக்கர் விழுந்து, கரன்ட் தானாக நிற்க வேண்டும். விழவில்லை. தைலம்மாள் அக்கா ஓடிப்போய்தான் மெயினை இறக்க வேண்டியிருந்தது என்கிறாய். அப்படியானால் அன்றைக்கு எர்த் இல்லை. சித்திரையில் உன் துளசி மாடத்துப் பக்கத்தில் நான் குழி வெட்டி, உப்பும் கரியும் கொட்டி, பைப் இறக்கி வைத்த எர்த். நீ பக்கத்தில் நின்று பார்த்தாய். மீட்டர் வைத்துக் காட்டினேன். நன்றாக இருந்தது.

நீ தினமும் மீட்டரில் அளந்து எழுதுகிற நோட்டு இருக்கிறதே, அதிலிருந்து ஜூலை மாதத்தை அப்படியே நகல் எடுத்து அனுப்பு. வோல்டேஜ் வேண்டாம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எவ்வளவு என்பது மட்டும். அது ஏறினால் எர்த் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று. அந்தப் பெட்டி வாங்கிய புதிதில் உள்ளே இருந்ததெல்லாம் மட்டமான பித்தளை. நீதான் வீடியோ பார்த்துப் பார்த்துச் செம்பு கனெக்டர் மாற்றினாய், கனமான ஒயர் இழுத்தாய். சாலிடர் வைப்பதில் நீ என்னைவிட மேல், அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். சித்திரைக்குப் பிறகு பெட்டியைத் திறந்தாயா? கோபத்தில் கேட்கவில்லை.

இங்கே பெண்பிள்ளைகள் விடுதி ஒன்று கட்டுகிறார்கள். நாற்பது பிள்ளைகள் படுக்கிற இடம். வயரிங் எனக்குத்தான் என்று வார்டன் அம்மா சொல்லிவிட்டார். அடுத்த வாரம் வேலை தொடங்க வேண்டும். அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும்.

ஜெயப்பிரகாஷ்

*

கள்ளக்குறிச்சி
9.8.2025, சனி

தம்பிக்கு,

நீ கேட்டபடி நோட்டைப் பார்த்து எழுதுகிறேன். ஜூலை 1 முதல் 7 வரை தினமும் காலை ஆறு மணிக்கு ஒன்றேகால் வோல்ட், ஒன்றரை வோல்ட், அதற்கு மேல் போகவில்லை. 8 முதல் 23 வரை எழுதவில்லை, செட்டும் போடவில்லை. 24ஆம் தேதி பதினான்கு வோல்ட். அன்றைக்குத்தான் ஸ்பீக்கரில் வண்டு முரல்வது போல ஓர் இரைச்சல். பாசுரம் சொல்கிறவர் மூச்சு வாங்குவதும், தாளத்துக்குத் தொடையில் கை தட்டுவதும் முன்பு கேட்கும் இல்லையா, அதெல்லாம் அந்த இரைச்சலுக்குள் போய்விட்டது. 25ஆம் தேதி பதினொன்று. அதன் பிறகு பூரத்து வேலையில் எழுதவில்லை.

மாமா கையை இப்போது மெல்ல மடக்குகிறார். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் மடங்கவில்லை. தைலம்மாள் தினமும் வந்து உட்கார்ந்து அவரைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறாள். "இன்னா பெரியவரே, வூட்டுக்காரி கைய புடிச்சப்போகூட இந்த அளவுக்கு ஷாக் அடிச்சிருக்காதே" என்றாள். அவர் சிரிக்கவில்லை. ஆண்டாள் அண்ணிதான் சிரித்தார்.

அண்ணி என்னிடம் அந்தப் பெட்டி எதற்கு என்று கேட்டார். தண்ணீருக்கு வடிகட்டி மாதிரி கரன்ட்டுக்கு வடிகட்டி, அப்போதுதான் பாட்டு சுத்தமாகக் கேட்கும் என்றேன். "அப்போ நம்ம கரன்ட்ல பூச்சி கீதா?" என்று கேட்டார். அவர் கேலியாகத்தான் கேட்டார். நான் எழுந்து காபி ஆற்றப் போய்விட்டேன்.

மனுவை அண்ணி சொல்லச் சொல்ல எழுதி முடித்துவிட்டார்கள். மாமா கையெழுத்துதான் பாக்கி. ஆவணி பிறந்ததும் இடது கையாலேயே போடுகிறேன் என்கிறார்.

நீ வேறு ஏதோ கேட்டிருந்தாய். இப்போது மாமாவுக்கு மாத்திரை நேரம். மறுபடி எழுதுகிறேன்.

அக்கா

*

வெள்ளிமலை
13.8.2025

அக்காவுக்கு,

தெரிந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான்.

8 முதல் 23 வரை காலி என்று எழுதியிருக்கிறாயே, அதை முதலில் கவனிக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. மாமாவின் பங்காளி, பெரிய மாமா, செத்த தீட்டு. நானும்தானே சுடுகாட்டுக்கு வந்தேன். பதினாறு நாள் நீ விளக்கேற்றியிருக்க மாட்டாய், துளசி மாடத்துப் பக்கமே போயிருக்க மாட்டாய்.

எர்த் குழிக்கு ஈரம் வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் குழி. மற்ற வீடுகளில் மறந்துவிடுவார்கள், உங்கள் வீட்டில் துளசிக்கு ஒருநாள்கூடத் தண்ணீர் தவறாது, அந்தத் தண்ணீரே குழிக்கும் இறங்கட்டும் என்று அங்கே வைத்தேன். பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். தீட்டு என்று ஒன்று வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் வீட்டில் பிறந்தவனுக்கே தோன்றவில்லை. குழி காய்ந்தது, எர்த் போனது, மாமா கையில் ஏறியது.

இங்கேயும் நான்கு வீட்டில் இதே மாதிரிதான் வைத்திருக்கிறேன். ஒன்று பாத்திரம் கழுவுகிற இடம், ஒன்று மாட்டுத் தொட்டி. இருசப்பன் வீட்டில் தொட்டியை இடம் மாற்றி ஒரு மாதமாகிறது. போய்ப் பார்த்தால் மண் பொரிகடலை மாதிரி உதிர்கிறது. நான்கையும் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறேன். மறுபடி ஆழமாக, தண்ணீர் ஊற்றத் தனிக் குழாய் வைத்துப் போட வேண்டும். இருசப்பன் திண்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னாப்பா, அன்னிக்கி பொதச்ச, இன்னிக்கி தோண்டுற, உள்ள பொதையல் எதனா வெச்சியா?" என்றார். தோண்டிக்கொண்டே இருந்தேன். ஏனென்று சொன்னால் அப்புறம் யாரும் என்னைக் கூப்பிடமாட்டார்கள்.

விடுதி வேலை வேண்டாம் என்று வார்டன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "என் அக்கா வூட்லயே நான் வெச்ச எர்த் நிக்கலம்மா. உங்க புள்ளைங்க படுக்கிற எடத்துல நான் கை வைக்கமாட்டேன்" என்றேன். அந்த அம்மா ஒரு வாரம் யோசி என்றார். யோசிக்க ஒன்றுமில்லை. மெயினை இறக்கிவிட்டும் மூன்று முறை டெஸ்டர் வைத்துப் பார்த்துத்தான் கம்பியைத் தொடுகிறேன். பதினாறு வருஷ வேலையில் இப்படிப் பயந்ததில்லை.

ஒன்று மட்டும் இடிக்கிறது. 26, 27, 28 மூன்று நாளும் காலி என்கிறாய். பிரசவ வலி எடுத்த அன்றைக்கும் பால் கணக்கு எழுதி வைத்துவிட்டு ஆட்டோ ஏறியவள் நீ. அந்த மூன்று நாளில் உனக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா? மறைக்காமல் எழுது.

ஜெயப்பிரகாஷ்

*

கள்ளக்குறிச்சி
16.8.2025, சனி

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத மறந்துவிட்டேன். எனக்கும் வயதாகிறது.

விடுதி வேலையை விடாதே. வார்டன் அம்மா யோசிக்கச் சொன்னால் யோசி. மாடத்துக் குழி அவ்வளவு மோசமாகக் காய்ந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படிச் சொல்கிறாய் என்று கேட்காதே.

இதோடு மூன்று காகிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது.

அக்கா

*

வெள்ளிமலை
19.8.2025

அக்காவுக்கு,

நீ என்னைத் தேற்ற எழுதுகிறாய். தெரிகிறது. வேண்டாம்.

விடுதி வேலையை வேறு ஆளுக்குக் கொடுக்க நாளை மறுநாள் பேசுகிறார்களாம். போகட்டும்.

மாமா மனு எழுதி, அதை யாரோ விசாரித்து, குடும்பம் ஆபீஸ் ஆபீஸாக ஏற வேண்டாம். நானே எழுதி வைத்திருக்கிறேன். 'நான் அமைத்த எர்த் குறைபாடுடையது, விபத்துக்கு நானே பொறுப்பு.' இரண்டு வரிதான். 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கி வருகிறேன். மாமா முன்னால், ஆண்டாள் அக்கா முன்னால் கையெழுத்துப் போட்டு, லைசென்ஸையும் அதோடு வைத்துவிட்டுப் போகிறேன். அவர் மனசு ஆறினால் சரி. அப்புறம் கீழே தேங்காய் லோடு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், போய்விடுவேன்.

எனக்குச் சாப்பாடு எதுவும் செய்து வைக்காதே.

ஜெயப்பிரகாஷ்

*

கள்ளக்குறிச்சி
21.8.2025, வியாழன்

தம்பி ஜெயப்பிரகாஷுக்கு,

எதிலும் கையெழுத்துப் போடாதே. மற்றதைப் படிக்காவிட்டாலும் இந்த வரியைப் படி.

இதோடு மூன்று பொருள் வைத்திருக்கிறேன். ஒன்று என் நோட்டில் ஜூலை 26, 27, 28 எழுதிய தாள். என் வாழ்நாளில் நோட்டிலிருந்து தாள் கிழித்ததில்லை, இதுதான் முதல். அந்தத் தாளின் அடியில் டேப் போட்டு ஒட்டியிருப்பதைப் பார். தலைமுடி கனத்தில் ஒரு செம்பு இழை. மூன்றாவது என்ன என்று கடைசியில் சொல்கிறேன்.

26ஆம் தேதி சனிக்கிழமை. பூரத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. தெருவில் பதினைந்து பேரை அழைத்திருந்தேன். இரைச்சல் நிற்கவில்லை. நான் பார்க்கிற வீடியோ ஒன்றில், எர்த் ஒயரைக் கழற்றிவிட்டால் இரைச்சல் போய்விடும் என்று ஒருவர் செய்து காட்டினார். செய்யாதீர்கள் என்று கீழே நான்கு பேர் எழுதியும் இருந்தார்கள். இரண்டையும் படித்தேன். மாமா கழனிக்குப் போனதும் பெட்டியைத் திறந்து, உள்ளே வரும் பச்சை ஒயரை வெட்டி, டேப் சுற்றினேன். திறந்ததுதான் திறந்தோம் என்று ஒரு கனெக்டரையும் மாற்றினேன். உனக்குத் தெரியும், அந்தக் கனமான ஒயரில் நூறு இழை இருக்கும். முறுக்கி உள்ளே விடும்போது ஒன்று வெளியே நின்றுவிட்டது. நான் கண்ணாடி போட்டிருந்தும் பார்க்கவில்லை. அதுதான் பெட்டியின் இரும்புக் கூட்டைத் தொட்டுக் கரன்ட்டை இறக்கிக்கொண்டிருந்தது. விபத்துக்கு மறுநாள் மாமா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பெட்டியைத் திறந்து பார்த்தேன், எடுத்தேன். அதற்கப்புறம்தான் உனக்கு 'யாரும் தொடுவதில்லை' என்று எழுதினேன்.

தாளில் 28ஆம் தேதி காலை ஆறு மணிக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார். சுவர் சாக்கெட்டில் அளந்தது. மூன்று வோல்ட். தீட்டு கழிந்ததிலிருந்து துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன், குழி நனைந்துவிட்டது. உன் எர்த் அன்றைக்கு உயிரோடுதான் இருந்தது. என் பெட்டியில்தான் அதற்கு வழியில்லை. இரண்டு நாள் பொறுத்திருந்தால் அந்த இரைச்சலைத் தண்ணீரே எடுத்திருக்கும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதி எழுதியது போல் ஆகும். ஒயரை வெட்டிய பிறகு, 27ஆம் தேதி காலையில் கேட்டது போல் அந்தப் பாசுரத்தை நான் கேட்டதே இல்லை. அவர் எச்சில் விழுங்குவது கேட்டது. கண்ணில் நீர் வந்தது. பெருமாளே வந்து நிற்கிறார் என்று நினைத்தேன். அந்தப் பெருமையில்தான் வாய் திறக்கவில்லை முதலில். அப்புறம் பயத்தில் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அண்ணி உன்னைச் சொன்னபோது, ஒரு நொடி, ஒரே நொடி, எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதற்காக உன்னிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதம் இன்று காலை பத்து மணிக்கு வந்தது. படித்ததும் எல்லாரையும் கூடத்துக்கு அழைத்தேன். இருந்தவர்கள்: நான், மாமா, ஆண்டாள் அண்ணி, தைலம்மாள். பெருமாள் படம் இருந்தது. இந்த முறை அவரையும் சேர்த்தே எழுதுகிறேன், ஐந்து பேர்.

பெட்டியை இறக்கி வைத்துத் திறந்து, வெட்டிய ஒயரைக் காட்டினேன்.

"இன்னா இது?" என்றார் மாமா.

"நான் வெட்டினது. தம்பிக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

"எப்போ?"

"பூரத்துக்கு ரெண்டு நாள் முன்ன."

அவர் குனிந்து அந்த ஒயரைப் பார்த்தார். "அப்போ அந்தப் பையன் இன்னாதான் பண்ணான்?"

"ஒண்ணும் பண்ணல."

ஆண்டாள் அண்ணி எழுந்துவிட்டார். "இருவது நாளா என் வாயால அவன திட்ட வெச்சிக்கினு, நீ பக்கத்துல காபி ஆத்திக்கினு இருந்தியாடி?" என்றார். ஆமாம் என்றேன்.

மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மேசை மேல் இருந்த மனுவை இடது கையால் எடுத்தார். திங்கட்கிழமையே அதில் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். கிழிக்கப் பார்த்தார். ஒரு கையால் முடியவில்லை. வலது கையில் பிடி நிற்கவில்லை. என்னிடம் நீட்டினார். நான் வாங்கினேன், ஆனால் கிழிக்கவில்லை. கிழிக்க வேண்டியது நானில்லை என்று தோன்றியது. இந்த உறையில் மூன்றாவதாக இருப்பது அதுதான். கிழிப்பதோ வைத்திருப்பதோ உன் இஷ்டம்.

அப்புறம் வெளியே போய்த் துளசி மாடத்தருகில் நின்றார். "அவன வரச் சொல்லு" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அதற்குமேல் இதுவரை என்னிடம் பேசவில்லை.

விடுதி வேலையை இன்றைக்கு வேறு ஆளுக்குப் பேசுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதனால் தைலம்மாள் மகனை வண்டியில் நேரே உன்னிடம் அனுப்புகிறேன், பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது. இந்தக் கடிதத்தையும் அந்தத் தாளையும் வார்டன் அம்மாவிடம் காட்டு. என் அக்கா எழுதியது, என் அக்கா செய்தது என்று சொல். எனக்கு வெட்கமாக இருக்குமே என்று பார்க்காதே. இருசப்பனிடமும் சொல். குழியை ஆழமாகப் போடுவதும் குழாய் வைப்பதும் நல்லதுதான், செய். ஆனால் பயந்துகொண்டு செய்யாதே.

செட்டைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். பாசுரத்தை இப்போது நானே வாயால் சொல்கிறேன், நடுவில் மறந்துபோகிறது. நீ வந்து அந்தப் பச்சை ஒயரை உன் கையால் சேர்க்கும்வரை செட் போடமாட்டேன். நீ வரவே இல்லையென்றால் போடவே மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குச் சோறு செய்து வைப்பேன். சாப்பிடுவதும் சாப்பிடாததும் உன் விருப்பம்.

தைலம்மாள் மகன் அங்கேயே நிற்பான். திட்டி எழுதினாலும் சரி, ஒரு வரி போதும். அவன் கையிலேயே சீக்கிரம் பதில் கொடுத்தனுப்பு.

அக்கா
அம்சவள்ளி